மேற்குச் சுவர் மூட்டைகள்

அத்தியாயம் பதினொன்று

ஒரே வேகனில் ஒரே நாளில் வந்த எண்பத்து நான்கு மூட்டை அரிசி. பாதியைக் கிடங்கின் மேற்குச் சுவரோரம் அடுக்கினார்கள். பாதியைக் கிழக்குச் சுவரோரம். நாலு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது கிழக்கில் இருந்த நாற்பத்திரண்டும் வந்த எடையிலேயே இருந்தன. மேற்கில் இருந்த நாற்பத்திரண்டும் மூட்டைக்கு மூன்று பவுண்டு குறைந்திருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. தையல் பிரியவில்லை, முத்திரை உடையவில்லை.

வேலப்பன் வீட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு சுவர்களையும் வரைந்து வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருடன் வந்தா ரெண்டு மூட்டையத் தூக்கிகினு ஓடுவான். மூட்டைக்கு மூணு பவுண்டுன்னு தராசு வச்சிகினா திருடுவான்?"

"அத்த ஆடிட்டரு கைல கேளு. என் கைல கேட்டா? நான் இன்னா ஜட்ஜா?" என்றாள் அவன் மனைவி குணசுந்தரி. கேழ்வரகுக் கூழைக் கிளறிக்கொண்டே பேசினாள். ரேஷன் அரிசி புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொருக்குப்பேட்டை ரயில் பாதையை ஒட்டிய சர்க்கார் அரிசிக் கிடங்கில் வேலப்பன் காப்பாளன். சித்திரையில் தணிக்கைக்காரர்கள் வந்து ஒவ்வொரு மூட்டையாக நிறுத்து, நூற்று இருபத்தாறு பவுண்டு குறைகிறது என்று எழுதினார்கள். பதினைந்து நாள் கழித்து மறு எடை போட்டார்கள். அப்போது எல்லாம் சரியாக இருந்தது! குறைந்த மூன்று பவுண்டும் மூட்டைக்குள் திரும்பி வந்திருந்தது.

நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். தணிக்கைக்காரர் அப்படி நினைக்கவில்லை. திருடியவன் பயந்து திருப்பி வைத்துவிட்டான் என்று எழுதினார். வேலப்பன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று பதினோரு மணிக்கு விசாரணை. மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். திருடன் என்ற பெயர் மட்டும் தங்கிவிடும்.

தணிக்கைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அரிசி மூட்டையில் மாதிரி எடுக்கக் குத்தூசி என்று ஒன்று உண்டு. நடுவில் பள்ளம் விழுந்த இரும்பு ஊசி அது. சாக்கில் குத்தினால் பள்ளத்தின் வழியே அரிசி கைக்கு வழிந்து வரும். உருவினால் சணல் இழைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். குத்திய இடம் தெரியாது. பதினைந்து குத்துக்கு மூன்று பவுண்டு வரும். முத்திரை உடையாமல் மூட்டை இளைக்கிறதென்றால், அனுபவமுள்ள யாருக்கும் முதலில் குத்தூசிதான் நினைவுக்கு வரும்.

"பூவு, கூழ் ஆறுது பாரு. குடி" என்றாள் குணசுந்தரி.

வாசற்படி ஓரம் உட்கார்ந்திருந்த பூவம்மா அசையவில்லை. வேலப்பனின் தங்கை. அவள் புருஷன் கூட்ஸ் யார்டில் இரண்டு வேகன்களுக்கு நடுவில் நசுங்கிச் செத்து மூன்று வருஷம். அண்ணன்தான் அவளுக்குக் கிடங்கில் சாக்குத் தைக்கிற வேலை வாங்கிக் கொடுத்திருந்தான். பத்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனை நினைத்து வருந்துகிறாள் என்று வீட்டில் எண்ணிக்கொண்டார்கள்.

சுமை கூலிகளின் மேஸ்திரி சௌக்கத் அலி அப்போதுதான் வந்தார். உள்ளே வரவில்லை.

"நைனா, மேக்கால வரிசையப் பிரிச்சிட்டாங்க. மூட்டையத் தொட்டா கைல மாவா ஒட்டுது. உள்ளாற பச்சையா பூசணம். நாப்பத்திரண்டும் கலீஜாப் பூட்ச்சு. பொதைக்கறதுக்கு வண்டி சொல்லி அனுப்சிகீறாங்க."

குணசுந்தரியின் அகப்பை நின்றது. "பொதைக்கவா? அரிசியயா?"

"ஆமாம்மா. ஜனங்க அள்ளித் துன்னுடப் போவுதுன்னு பினாயில் வேற ஊத்தப் போறாங்களாம்."

"அண்ணாத்தே" என்றாள் பூவம்மா. எழுந்து நின்றிருந்தாள். "நான்தான் தண்ணி ஊத்தினேன்."

பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி கடகடத்துப் போய் முடிந்தது.

"எட சரியா வந்துட்டா உன்ன வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். மத்தியானம் கூலிங்க கஞ்சி குடிக்கப் போச்சொல்லோ ஊத்தினேன். தூசி அடங்க தெனம் தெளிக்கிற தண்ணிதான, யாரு கேப்பா? எட போட்டப்போ சரியா வந்துச்சே அண்ணாத்தே. எனக்கு அவ்ளோ சந்தோசம்..."

"அடிப் பாவி!" குணசுந்தரி கூவினாள். "அந்தத் தண்ணியாலதான்டி இவருக்குத் திருடன்னு பேரு! கொறஞ்சது கொறஞ்சபடியே இருந்திருந்தா எதுனா வயி கெடச்சிருக்கும். நீ நெரப்பி வச்சி மாட்டி வுட்டுட்டியே!"

பூவம்மா அழக்கூட இல்லை. அது அவளுக்கே பத்து நாளாகத் தெரியும்.

வேலப்பன் தரையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான்: "எத்தினி குடம்?"

"கேக்கறதப் பாரு கேள்வி!"

"நீ சும்மா இரு. பூவு, எத்தினி குடம்?"

"ஆறு. காயிதத்துல நூத்தி இருவத்தாறுன்னு போட்டிருந்துச்சுன்னு நீதான சொன்ன. குடத்த நம்ம தராசுல வச்சிப் பாத்தேன். தண்ணி மட்டும் இருவத்தோரு பவுண்டு. ஏயு மூட்டைக்கி ஒரு குடம், ஆறு குடம்னா சரியாப் பூட்ச்சு."

வேலப்பன் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

"நீ இன்னிக்கு வேலைக்கி வராத. வூட்லயே குந்து. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

கிடங்கு வரைக்கும் பத்து நிமிஷ நடை. சௌக்கத் அலி பக்கத்தில் பேசாமல் வந்தார். வேலப்பனுக்குத் தங்கை மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் உள்ளே போனது, எடை ஏறியது. அப்படியானால் தண்ணீர் வெளியே போனால்?

காசிமேட்டில் நாலு பவுண்டு மீனைக் காயவைத்தால் ஒன்றரைப் பவுண்டு கருவாடு கிடைக்கும். மீதியை யாரும் திருடவில்லை. வெயிலும் காற்றும் கொண்டுபோகின்றன. மணல் சூட்டில் காயும் மீனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு, அரிசியைப் பற்றி அப்படி நினைக்கத் தோன்றவில்லை. அரிசி காய்ந்த பண்டம் என்றே நினைத்திருந்தான். ஆனால் இந்த அரிசி தை மாதம் வந்தது. மழை ஓய்ந்த கையோடு அறுத்த புது நெல். பல்லில் கடித்தால் நொறுங்காமல் அமுங்கும். அப்படி அமுங்குவது உள்ளே இருக்கும் ஈரம்.

மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல்கள், யார்டைப் பார்த்து. பங்குனிக்குப் பிறகு மேல்காற்று அனலாக அந்த வழியேதான் நுழையும். கிழக்குச் சுவரில் ஜன்னலே இல்லை. அடுத்த கிடங்கின் முதுகு அது. கிழக்கு மூட்டைகளுக்குக் காற்று படவில்லை. மேற்கு மூட்டைகள் நாலு மாதம் காற்றில் நின்றன.

திருடன் ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கிறான். அவனுக்குக் கை கால் இல்லை.

"மேஸ்திரி, எனக்குப் புரிஞ்சிபோச்சு" என்றான்.

"புரிஞ்சி இன்னா நைனா பிரயோஜனம்? தங்கச்சி பேரு வராம இத்த எப்புடி சொல்லுவ?"

வேலப்பன் நடையை எட்டிப் போட்டான்.

தணிக்கை அதிகாரி ரகுபதி ஒல்லியான மனிதர். கையில் துணிப்பை. கிடங்கில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால்கூட வாங்க மாட்டார். தம் தண்ணீரைத் தாமே கூஜாவில் கொண்டு வருவார். மூன்று வருஷத்துக்கு முன், வேலப்பன் வருவதற்கு முன்னால், இதே கிடங்கில் பெரிய திருட்டைப் பிடித்தவர் அவர்தான். வெளியே நாலு பக்கமும் மூட்டை அடுக்கி, நடுவில் வெறும் குழியாக விட்டிருந்தார்கள். அடுக்கைச் சுற்றி வந்து எண்ணினால் கணக்கு சரியாக வரும். ரகுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் பார்த்தார். தொள்ளாயிரம் மூட்டை இல்லை. அந்த மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் மூட்டைகளை எண்ணினால் போதாது, ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும் என்ற விதி வந்தது. விதி வந்த பிறகு ஒரு மூட்டைகூடத் தொலையவில்லை.

வேலப்பன் காற்றைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி வேலப்பன். ஈரம் போச்சு, எடை குறைஞ்சுது. ஒத்துக்கறேன்னே வெச்சுக்கோங்க. அப்புறம் எடை எப்படித் திரும்பி வந்தது? நடுவிலே மழையா பெய்ஞ்சுது?"

வேலப்பன் மேற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூட்டையெல்லாம் பூசணம் பிடிச்சிருக்கு. யாரோ தண்ணி ஊத்தியிருக்கா. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவனுக்குப் பொய் பழக்கமில்லை. ரகுபதி பேனாவை எடுத்தார்.

"தெரியும்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

குணசுந்தரி நின்றிருந்தாள். அவள் பிடியில் பூவம்மாவின் மணிக்கட்டு.

"குணா! வூட்டுக்குப் போ!"

"நான் போமாட்டேன். நாளைக்கி உன்னத் திருடன் பொண்டாட்டின்னு யாரும் கூப்பிடப் போறதில்ல, என்னத்தான் கூப்புடுவாங்க. சொல்லு பூவு. காத்தால எங்க கைல சொன்னத்த சார் கைலயும் சொல்லு."

பூவம்மா சொன்னாள். ஒரு குடத்தைக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்துக் காட்டவும் செய்தாள். முதலில் வெறும் குடம். பிறகு நிரப்பிய குடம். இரண்டுக்கும் வித்தியாசம் இருபத்தொன்று. ரகுபதி குனிந்து முள்ளைப் பார்த்தார். ஆறால் பெருக்கினார். அவர் எழுதி வைத்திருந்த எண்ணே வந்தது.

"என்னை ஜெயில்ல போடுவாங்களா சார்?"

"அது மேலே இருக்கிறவா முடிவு. ஆனா வேலையிலே இனிமே வெச்சுக்க மாட்டா. நான் எழுதித்தாம்மா ஆகணும். நான் எழுதாம விட்டா, அப்புறம் எதுக்கு நான்?"

"எயுதிக்கோங்க சார். அண்ணாத்தேய வுட்ருவீங்களா?"

ரகுபதி தராசு முள்ளை இன்னொரு முறை பார்த்தார்.

"நீ ஊத்தினது தண்ணின்னு ஆச்சு. முன்னாலே காணாமப் போனதும் தண்ணிதான்னு ஆகலையே. உன் அண்ணா சொல்றது சரியா இருக்கலாம். அப்படித்தான் இருக்கும்னுகூட எனக்குத் தோண்றது. ஆனா எனக்குத் தோண்றதையெல்லாம் அறிக்கையிலே எழுத முடியாது."

பூவம்மா தலையாட்டினாள். இவ்வளவு சொல்லியும் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. குணசுந்தரி அவள் மணிக்கட்டை விட்டாள். அங்கே சிவந்திருந்தது.

"இன்னொண்ணும் எயுதிக்கோங்க" என்றார் சௌக்கத் அலி, கதவோரத்திலிருந்து. "எந்தக் கெடங்குன்னு கேக்காதீங்க. நம்ம ஆளுங்க எல்லாக் கெடங்குலயும் மூட்ட தூக்குது. வேலப்பன நிறுத்துனாங்கன்னு சேதி போச்சு பாருங்க, அன்னிலருந்து மூணு எடத்துல தெனம் தண்ணி தெளிச்சிகினு கீறாங்க. அளவா. பூப்போல. எல்லாருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது. எட கொறஞ்சா வேல பூடுமே."

ரகுபதியின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"எடை சரியா இருக்கான்னுதான் நான் பார்த்தேன்" என்றார் தமக்குள். "அவா எடையைச் சரி பண்ணிட்டா."

ஒரு மனிதர் தம் வேலையை நேர்மையாகச் செய்தார். அதனால் திருட்டு நின்றது. அரிசியும் அழுகத் தொடங்கியது. இரண்டும் உண்மை. எந்தத் தராசு எதை நிறுக்கிறதோ அதை மட்டுமே மனிதர்கள் கவனிப்பார்கள், நிறுக்காதது கெட்டுப்போகும். பூசணத்தை நிறுக்கத் தணிக்கையில் தராசு இல்லை.

மூன்று மணிக்கு வண்டிகள் கிளம்பின. நாலு மாட்டு வண்டிகள். சாக்குகளை வெட்டி, அரிசியைக் கொட்டி, பினாயில் தெளித்து ஏற்றியிருந்தார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் வெட்டிய குழிக்குப் போகிறது. தெரு முனையிலிருந்தே பெண்கள் முறத்தோடும் முந்தானையோடும் ஓடி வந்தார்கள்.

"பினாயில்மா, பினாயில்! தொடாதீங்க!" என்று வண்டிக்காரன் கத்தினான்.

"கய்விக்கிறோம்யா. பத்துத் தண்ணி வுட்டுக் கய்விக்கிறோம். ஒரு மொறம் குடு."

"எம் புள்ளைக்கு வாய்க்கரிசி போடறதுன்னாலும் இத்தவிட நல்ல அரிசியாப் போடுவேன்" என்றாள் ஒருத்தி, கையில் அள்ளியதை முகர்ந்துவிட்டு. ஆனால் கீழே கொட்டவில்லை.

வேலப்பனால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மூட்டை நூற்று அறுபத்து நான்கு பவுண்டு. ரேஷனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு அவுன்சு. அந்த நாலு வண்டியில் போவது பதினெட்டாயிரம் பேரின் ஒரு நாள் சோறு. மூட்டைக்கு மூன்று பவுண்டு தண்ணீர் காணோம் என்று தேடியதில் மூட்டையோடு அரிசி போகிறது.

பூவம்மா சுவரில் சாய்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வண்டியிலிருந்து சாலையில் சிந்திய அரிசியை ஒரு பெண் குனிந்து பொறுக்கினாள். பூவம்மா போய் அவள் பக்கத்தில் குந்தி, பொறுக்கியதை அவள் கையிலிருந்து வாங்கி ஓரச் சாக்கடையில் போட்டாள்.

"இன்னாடி நீ? யாருடி நீ? என் சோத்துல மண்ணப் போடறியே!"

"துன்னாதக்கா. வாணாம். செத்துப் பூடுவ."

அவள் பூவம்மாவைத் திட்டிக்கொண்டே போனாள். யாருடைய தண்ணீர் அது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தெருவில் பூவம்மா நின்றிருக்க முடியாது.

நாலரை மணி. வேலப்பன் கிடங்குத் தாழ்வாரத்தில் கள்ளிப்பெட்டி மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ரகுபதி பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். பதில் இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிட்டுக் கிளம்புவார்.

என்ன எழுதுவது? காற்றுதான் திருடியது என்று எழுதலாம். நாளைக்கு ஒவ்வொரு திருடனும் அதையே எழுதுவான். மூட்டைக்கு மூன்று பவுண்டு போனால் போகட்டும் என்று விதி போடச் சொல்லலாம். போட்டால், காற்றுப் படாத மூட்டையிலும் மூன்று பவுண்டைக் குத்தூசியால் எடுத்து விற்பார்கள். இந்தத் தணிக்கை வேண்டாம் என்று எழுத அவனுக்கே மனமில்லை. அந்தத் தொள்ளாயிரம் மூட்டை போன மாதத்தில் அவனும் வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பியவன்.

காற்று எவ்வளவு எடுக்கிறது என்பதைக் காற்றையே சொல்ல வைக்க வேண்டும். அதுவும் ரகுபதியின் கண் முன்னால்.

குணசுந்தரி வேகமாக வந்தாள். மூச்சு வாங்கியது.

"பூவு வூட்டுக்கு வரல. அவ துணி இல்ல. கொடில கெடந்த பொடவகூட இல்ல."

வேலப்பன் எழுந்துவிட்டான்.

"நீ குந்து. எய்து" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "இய்த்துகினு வந்தவ நான்தான். நானே போய்த் தேடறேன். காசிமேட்டுல அவ மாமியா வூடு கீது இல்ல, அங்க பாக்கறேன். இல்லாட்டி... அங்கதான் இருப்பா. நீ எய்துய்யா. அவ போனதுக்கு இதுவாவது ஒயுங்கா நடக்கட்டும்."

"கடக்கரைப் பக்கமும் பாரு, குணா."

அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். செருப்பில்லாத கால். வேலப்பன் அவள் திரும்பும் முனை வரைக்கும் பார்த்தான். திரும்ப உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். தன் மேல் குற்றமில்லை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எழுதியது இதுதான்:

"ஒவ்வொரு சரக்கு இறங்கும்போதும் இரண்டு மூட்டைகளை இருவர் முன்னிலையில் நிறுத்து, நெருக்கமான கம்பிவலைக் கூண்டுகளில் வைக்கவேண்டும். ஒரு கூண்டு மேற்குச் சுவரோரம், ஒன்று கிழக்குச் சுவரோரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி காப்பாளனிடம், ஒரு சாவி தணிக்கையிடம். வலைக்குள் காற்று போய்வரும், குத்தூசி போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து திறந்து நிறுக்கவேண்டும். கூண்டு மூட்டை எவ்வளவு இளைத்ததோ அவ்வளவு அந்தச் சுவரோரத்து மற்ற மூட்டைகளும் இளைக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் திருட்டு. கூண்டு மூட்டை இளைத்து மற்றவை இளைக்காமல் இருந்தால், யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்."